வான் பூட்டுகிற சத்தம்

ஆவணி மாதத்தில் என்னுடைய வானுக்கு விசர் பிடித்தது. வெயில் எரிக்கிற நேரத்தில் வைப்பர் தானாக ஓடியது. நான் கை வைக்காமலே ஹோர்ன் அடித்தது. அதுவும் பள்ளிக்கூட வாசலில், அதிபர் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது. ஓடிக்கொண்டிருக்கையில் கதவுகள் டக்கென்று பூட்டும், பிறகு டக்கென்று திறக்கும். பின்னால் இருந்த பிள்ளைகள் அதை ஒரு விளையாட்டாக எடுத்துக் கைதட்டிச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் பள்ளிக்கூடம், பின்னேரம் ரியூசன் என்று பிள்ளைகளை ஏற்றி இறக்கித்தான் நான் பிழைக்கிறேன். கதவை நம்ப முடியாத வானில் யார் பிள்ளையை ஏற்றி அனுப்புவார்கள்?

முதலில் வாயைத் திறந்தவள் சுபாஜினி. எங்கள் ஒழுங்கை திரும்புகிற முடக்கில் அவளுடைய வீடு. அவளுடைய மகள் ஆரபி இரண்டாம் வகுப்பு.

“அண்ணை, உது சரிவராது. வாற திங்களுக்குள்ளை திருத்தாட்டி ஆரபியை வேறை வானிலை விடப்போறன். நான் மட்டுமில்லை, மற்ற அம்மாமாரும் அப்பிடித்தான் கதைக்கினம்.”

“விடுங்கோ, தாராளமா விடுங்கோ. கூட்டமாப் போய் விடுங்கோ,” என்றேன்.

என்னுடைய வாய் அப்படி. மற்ற அம்மாமார் என்றால் என்னுடைய சோறு என்பது வீட்டுக்கு வந்து இறங்கிய பிறகுதான் உறைத்தது. என் மனைவி உதயகலா தலையில் கை வைத்தாள்.

“வாயை வைச்சுக்கொண்டு கொஞ்சம் சும்மா இருக்கேலாதே உங்களுக்கு?”

வானின் மின்வேலை பார்க்கிறவர்கள் எங்கள் ஊர் கோப்பாயிலும் இருக்கிறார்கள், உரும்பிராயிலும் இருக்கிறார்கள். அவர்கள் எல்லாரோடும் நான் ஏற்கெனவே சண்டை. ஆகையால் யாழ்ப்பாண நகரத்து எல்லையில் இருக்கிற கொழும்புத்துறை வரைக்கும் போனேன். அங்கே கடலேரிப் பக்கமாக ஜெரிசன் என்றொருவன் சின்னக் கராஜ் வைத்திருந்தான். கழுத்தில் செபமாலை போட்ட, அதிகம் கதைக்காத ஆள். ஸ்ரியறிங்குக்குக் கீழே தலையை விட்டு, கொஞ்ச நேரம் முனகி, உள்ளங்கை அளவில் ஒரு கறுப்புப் பெட்டியைக் கழற்றி எடுத்தான்.

“இதுதான் அண்ணை, பீ.சீ.எம். எண்டு சொல்லுறது. கதவு, லைற், ஹோர்ன், வைப்பர் எல்லாம் இது சொல்லித்தான் நடக்குது. உள்ளுக்கை பாருங்கோ.”

மூடியைத் திறந்து காட்டினான். பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. அதன் மேல் எறும்பு முட்டை.

“சோடா கீடா ஊத்துப்பட்டதே?”

முன்சீற்றுக்குச் சண்டை பிடிக்கிற பிள்ளைகளின் முகங்கள் ஒவ்வொன்றாக எனக்கு முன்னால் வந்தன. அன்றிலிருந்து என் வானில் தண்ணீர்ப் போத்தலுக்கும் தடை.

புதிய பெட்டி ஜப்பானிலிருந்து வர மாதக்கணக்காகும், கொழும்பில் பழைய வாகனத்தில் கழற்றின பெட்டி என்றால் இரண்டு நாளில் எடுக்கலாம் என்று ஜெரிசன் சொன்னான். எனக்குக் கோபம் ஏறிவிட்டது.

“கொழும்புச் சாமான் வேண்டாம். உங்கை விக்கிறதெல்லாம் வெள்ளத்துக்கை மூழ்கின வாகனம். வெயிலிலை காயப்போட்டு எங்கடை தலையிலை கட்டுறாங்கள். யாழ்ப்பாணத்திலை ஓடின வாகனத்தின்ரை பெட்டி இருந்தாப் போடு. இல்லாட்டி விடு, நான் வாறன்.”

அவன் கொஞ்சம் யோசித்தான். உள்ளே போய், பொலித்தீன் பையில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்தான்.

“இது இஞ்சத்தை வாகனம்தான் அண்ணை. அடிபட்டது. ஆனா இந்தப் பக்கத்துக்கு ஒண்டும் நடக்கேல்லை.”

“தண்ணி படேல்லையே?”

“ஒரு துளியும் படேல்லை.”

அவ்வளவுதான் நான் கேட்டேன். யாருடைய வாகனம், எங்கே அடிபட்டது என்று கேட்கத் தோன்றவில்லை. ஜெரிசன் பெட்டியைப் பொருத்தி, கொம்பியூட்டர் வயரைக் கொழுவி, என்னுடைய திறப்புச் சாவியில் இருக்கிற றிமோட்டையும் அதற்குப் பழக்கிக் கொடுத்தான். பொத்தானை அமத்தினேன். கீக் என்று சத்தம் போட்டு, லைற் மின்னி, நாலு கதவும் ஒழுங்காகப் பூட்டின. திரும்பி வரும்போது வழியெல்லாம் எனக்கு நல்ல சந்தோசம்.

இனி என்னுடைய தமையனைப் பற்றிச் சொல்லவேண்டும், அவனைப் பற்றிச் சொல்வது எனக்கு விருப்பமில்லாவிட்டாலும். கனகரத்தினம் என்னுடைய ஒரே அண்ணன். ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் அவனுடைய வளவு, இந்தப் பக்கம் என்னுடையது. படலைக்கு நேரே படலை. இரண்டு வீட்டுக்கும் பொதுவான பங்குக் கிணற்றில் யார் எந்த நாள் இறைப்பது என்று தொடங்கின சண்டை பத்து வருசமாக நடக்கிறது. அவனுடைய தண்ணீர்க் குழாயை வெட்டினது நான்தான். ஆனால் என்னை வெட்ட வைத்தது அவன். அதோடு எங்களுக்குள் நன்மை தின்மை இல்லாமல் போயிற்று. அவன் வீட்டுக் கலியாணத்துக்கும் நான் போவதில்லை, செத்த வீட்டுக்கும் போவதில்லை. அவனும் அப்படித்தான்.

அவனுக்கு ஒரே மகன், நிருஷன். பொடியன் கடைகளுக்குப் பிஸ்கட் ஏற்றி இறக்கவென்று ஒரு சின்ன வான் வாங்கினான். அடுத்த மாதமே நான் அதே சாதி வான் வாங்கினேன். அவனுடையது வெள்ளை, என்னுடையது சாம்பல். போன வருசம் மாசியில் மயிலிட்டிப் பக்கம் சாமான் போட்டுவிட்டு வரும்போது ஒரு லொறி அவனை அடித்துப்போட்டது. நான் போகவில்லை. ஆனால் செத்த வீட்டுக்குப் போகாதவனையும் துடக்கு என்கிற தீட்டு விடாது. ஒரே இரத்தம் என்பதால் எனக்கும் முப்பத்தொரு நாள். எங்கள் பிள்ளையார் கோயில் தேர் அந்த நாட்களுக்குள் வந்தது. வடத்தைத் தொடமுடியாமல், தூரத்தில் வேப்பமரத்தடியில் நின்று கும்பிட்டேன். அதற்கும் அண்ணன்மேல்தான் கோபம் வந்தது.

புதிய பெட்டி போட்டுக் கொஞ்ச நாள் வான் சொன்னபடி கேட்டது. அம்மாமார் வாயை மூடினார்கள். அதன்பிறகு ஒரு பின்னேரம், வளவுக்குள் நிறுத்திவிட்டு முகம் கழுவிக்கொண்டிருந்தேன். விளக்கு வைக்கிற நேரம். கீக் என்றது. திரும்பிப் பார்த்தால் வான் தானாகப் பூட்டியிருந்தது. என்னுடைய திறப்பு உள்ளே மேசையில் கிடந்தது. அடுத்த நாளும் அதே நேரம் கீக். அதற்கடுத்த நாளும் கீக். ரோட்டில் ஒரு பிழையும் இல்லை. பள்ளிக்கூட வாசலில் இல்லை. எங்கள் வளவில் மட்டும், பொழுதுபடுகிற நேரத்தில் மட்டும்.

“ஆரோ செய்வினை செய்துபோட்டினம்,” என்றாள் உதயகலா.

“செய்வினையும் மண்ணாங்கட்டியும். அந்தக் கொழும்புத்துறையான் ஏமாத்திப்போட்டான்,” என்றேன்.

வெள்ளிக்கிழமை அது நடந்தது. ரியூசன் பிள்ளைகளை இறக்கிக்கொண்டு வந்தேன். ஆரபி பின்சீற்றில் நித்திரையாகிப் போனாள். தாய் வந்து தூக்கட்டும் என்று எஞ்சினை நிறுத்திவிட்டு, தண்ணீர் குடிக்க உள்ளே போனேன். கீக் என்றது. பிள்ளை திடுக்கிட்டு எழும்பி, கதவை இழுத்துப் பார்த்துக் கத்தத் தொடங்கிவிட்டாள். பின்கதவு உள்ளேயிருந்து திறக்காது, பிள்ளைகள் ஓட்டத்தில் திறக்காமலிருக்க அப்படித்தான் வைத்திருக்கிறேன். நான் ஓடிவந்து திறக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அந்த ஒரு நிமிடத்தில்தான் சுபாஜினி படலைக்குள் வரவேண்டுமா? கண்ணாடியில் இரண்டு கையாலும் அடித்துக்கொண்டு நின்ற மகளை அவள் பார்த்துவிட்டாள்.

அவள் என்னை ஏசியிருந்தால் நான் திருப்பி ஏசியிருப்பேன். ஏசவில்லை. பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, “திங்கக்கிழமை ஏத்த வராதேங்கோ. நான் எல்லாருக்கும் சொல்லப்போறன்,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் விடியவே ஜெரிசனின் கராஜில் நின்றேன். என் வாயில் வந்ததையெல்லாம் அவன் கேட்டுக்கொண்டிருந்தான். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் கதைத்தான்.

“பெட்டியிலை பிழை இல்லை அண்ணை. அந்தப் பழைய வாகனத்தின்ரை றிமோட்டும் இதுக்குள்ளை பதிவிலை கிடக்கு. நான் அதை அழிச்சிருக்கோணும். அடிபட்ட வாகனம்தானே, திறப்பும் அதோடை போயிருக்கும் எண்டு விட்டிட்டன். ஆரோ உங்களுக்குக் கிட்ட நிண்டு அதை அமத்தீனம்.”

“எனக்குக் கிட்ட ஆர்? உது எங்கத்தை வாகனம்?”

“கோப்பாய்ப் பக்கம்தான். லொறி அடிச்ச வெள்ளை வான். பொடியன் முடிஞ்சான். தகப்பன் தன்ரை கண்ணிலை படாத இடத்துக்குக் கொண்டுபோகச் சொல்லிக் குடுத்ததாம்.”

நான் பக்கத்தில் கிடந்த எண்ணெய் படிந்த பலகையில் குந்திவிட்டேன். ஊருக்குள் எல்லாரோடும் சண்டை பிடித்துப்போட்டு நான் கொழும்புத்துறைக்கு வந்தேன். தன்னுடைய கண்ணில் படக்கூடாதென்று அண்ணன் மகனுடைய வானைக் கொழும்புத்துறைக்கு அனுப்பியிருக்கிறான். நிருஷனின் பெட்டி என்னுடைய வானுக்குள் இருந்தது. முதலில் நெஞ்சு ஒரு மாதிரித்தான் செய்தது. ஆனால் எனக்கு எதுவும் கோபமாக மாற அதிக நேரம் பிடிக்காது. கனகரத்தினம் எப்படியோ கண்டுபிடித்துவிட்டான், மதிலுக்குப் பின்னால் நின்று அமத்தி என் பிழைப்பைக் கெடுக்கிறான் என்று முடிவு கட்டினேன்.

“இப்ப அழிச்சு விடுறன், அஞ்சு நிமிச வேலை,” என்று ஜெரிசன் வயரை எடுத்தான்.

“வேண்டாம். அழிச்சா அவன் தப்பிப்போடுவான். கையும் களவுமாப் பிடிச்சுப்போட்டுப் பிறகு வாறன்.”

அன்று பின்னேரம் வானை வளவுக்குள் விட்டுவிட்டு, படலையடி முருங்கைக்குப் பின்னால் பதுங்கி நின்றேன். நுளம்பு கடித்தது. எதிர் வீட்டில் விளக்கு வைத்தார்கள், மணி கிலுங்கியது. அடுத்ததாகக் கீக். நான் ஒழுங்கைக்குப் பாய்ந்து, எதிர்ப் படலையில் காலால் உதைத்தேன்.

“கனகரத்தினம்! வெளியாலை வா!”

மூத்தவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது என் சீவியத்தில் அதுதான் முதல் தடவை. ஒழுங்கை முழுவதும் ஒவ்வொரு வீட்டு லைற்றாகப் போட்டார்கள்.

அவன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான். “ஆரடா பேர் சொல்லிக் கூப்பிடுறது?”

“நான்தான். கையிலை இருக்கிறதைக் கொண்டா. ஒளிச்சு நிண்டு என்ரை வானைப் பூட்டுறாய். நேற்று ஒரு பச்சைப் பிள்ளை உள்ளுக்கை கிடந்து கத்தினது. ஆம்பிளை எண்டா நேரை வந்து அடியடா!”

“உனக்கு விசரே? உன்ரை வானிலை கண் படுறதே எனக்கு அருவருப்பு. நான் ஏன் அதைப் பூட்டுறன்?”

“அடிபட்ட வானின்ரை திறப்பு எங்கை? அதைக் காட்டு!”

அவனுடைய முகம் வெளிறிப்போயிற்று. 

“அந்த வானைப் பற்றி உன்ரை வாயாலை கதைக்காதை. வெட்டிப்போடுவன்.”

“இஞ்சை இருக்கு தம்பி.”

அவனுக்குப் பின்னால் அவன் மனைவி நாகேஸ்வரி நின்றாள். பத்து வருசத்துக்குப் பிறகு மச்சாள் என்னோடு கதைத்தது அதுதான். கையில் திறப்பு. விரலில் திருநீறு அப்படியே இருந்தது.

“வீட்டிலை கிடந்த அவன்ரை மற்றத் திறப்பு. அவன் போனதிலையிருந்து, விளக்கு வைச்சிட்டு இதை ஒருக்கா அமத்துறனான். சும்மாதான். ஒரு சத்தமும் வராது எண்டு எனக்குத் தெரியும். ஒரு நாள் வந்துது.” அவள் நிறுத்தினாள். “அவன் வந்து படலையடியிலை நிப்பாட்டிப் பூட்டுற சத்தம். ஓடிவந்து பாத்தன். உங்கடை வான் நிண்டுது.”

அண்ணன் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்கும் தெரியாது என்பது அவன் முகத்தில் எழுதியிருந்தது.

“எனக்கு விசர் இல்லைத் தம்பி. வான் உங்கடைதான், தெரியும். எப்பிடிக் கேக்குது எண்டுதான் தெரியாது. ஆனா ஒருக்காக் கேட்டாப்பிறகு அமத்தாமல் இருக்கேலாமல் போச்சு. உள்ளுக்கை பிள்ளை இருந்தது சத்தியமாத் தெரியாது.”

“அவன்ரை வானிலை இருந்த பெட்டி ஒண்டு என்ரை வானிலை பொருத்திக் கிடக்கு, மச்சாள்,” என்றேன். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

அதைக் கேட்டதும் அண்ணன் வெடித்தான். “கழட்டு! இப்பவே கழட்டு! பிரேதம் எடுக்கேக்கை நீ உந்த வானைக் கழுவிக்கொண்டு நிண்டனி. நான் பாத்தனான். என்ரை பிள்ளையின்ரை ஒரு ஆணியும் உன்ரை வானிலை இருக்கக்கூடாது!”

“என்ரை வளவு, என்ரை வான். நான் கழுவுவன், விடுவன். நான் விலைக்கு வாங்கின சாமான், கழட்டமாட்டன்.”

“கழட்டச் சொல்லாதேங்கோ,” என்றாள் நாகேஸ்வரி, என்னைப் பார்த்தல்ல, புருஷனைப் பார்த்து. அவள் அவனை மறித்துக் கதைத்து நான் கேட்டதில்லை. பிறகு என்னிடம் திறப்பை நீட்டினாள். “இந்தாங்கோ தம்பி. பிள்ளையள் ஏறுற வான். இனி நான் அமத்தமாட்டன்.”

நான் அதை வாங்கவில்லை. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு என் வளவுக்குள் போய்ப் படலையை அடித்துச் சாத்தினேன். கோபம் தலைக்குமேல் நின்றது. யார்மேல் என்பதுதான் பிடிபடவில்லை. உதயகலா சோற்றைப் போட்டுவிட்டு, “அழிச்சுப்போட்டு வரப்போறியளோ?” என்று கேட்டாள். “வேறை என்ன செய்யச் சொல்லுறாய்? சுபாஜினியைக் கூட்டிவைச்சு ஒப்பாரி சொல்லவோ?” என்றேன். அவள் கறிச்சட்டியை எடுத்துக்கொண்டு போனவள், திரும்பி வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, தேவாலயப் பூசை முடிந்து ஜெரிசன் வரும்வரைக்கும் கராஜ் வாசலில் காத்திருந்தேன். அவன் வயரைக் கொழுவி, திரையில் ஏதோ தட்டி, “அழிக்கவோ அண்ணை?” என்றான்.

“பொறு. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கேக்கை ஆரும் அந்த றிமோட்டை அமத்தினா?”

“ஒண்டும் செய்யாது. நிப்பாட்டின பிறகுதான் கேக்கும்.”

“அப்ப கடைசிப் பிள்ளை இறங்கும்வரைக்கும் நான் எஞ்சினை நிப்பாட்டாட்டி?”

“பிரச்சினை வராது. ஏன் அண்ணை?”

“ஏன் எண்டு உனக்குச் சொல்லோணுமோ? வயரைக் கழட்டு. அழிக்காதை.”

அன்று பின்னேரமே சுபாஜினி வீட்டுக்குப் போனேன். இனி எஞ்சினை நிறுத்தாமல் ஆரபியை அவர்கள் வாசலிலேயே இறக்கி, கையில் பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் என் வீட்டுக்குத் திரும்புவேன் என்றேன். வானில் இருந்த பிழை என்ன, எங்கள் எதிர் வீட்டில் யார் அமத்தினது என்பதையும் சொன்னேன். சுபாஜினி படலையடிக்கு வந்து அண்ணன் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தாள். “சரி அண்ணை, நாளைக்கு வாங்கோ,” என்றாள்.

வீட்டுக்குத் திரும்பியபோது அண்ணனுடைய மதிலுக்கு மேலால் குரல் கொடுத்தேன், யாருக்கென்றில்லாமல். “ஆறு மணிக்குப் பிறகு வான் வளவுக்கைதான் நிக்கும். அமத்துற ஆக்கள் அமத்தலாம்.”

அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த நாள் கேட்டது. அதற்காக அண்ணனும் நானும் சேர்ந்துவிட்டோம் என்று நினைக்கவேண்டாம். கிணற்றுச் சண்டை அப்படியே கிடந்தது. என்னைக் கண்டால் அவன் காறித் துப்பினான். அவனைக் கண்டால் நான் வேண்டுமென்றே ஹோர்ன் அடித்தேன். ஆனால் விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன்பே வானைக் கொண்டுவந்து விட்டுவிடுவேன். எங்காவது மினைக்கெட்டுப் பிந்தினால் கால் தானாக அக்சிலேற்றரை மிதிக்கும். நான் ஏன் இப்படிப் பறக்கிறேன் என்று என்னையே ஏசிக்கொண்டு ஓடி வருவேன்.

கார்த்திகையில் ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. பிள்ளைகளை இறக்கிவிட்டு வரும்போது இருபாலையில் சில்லுக் காற்றுப் போனது. மாற்றுச் சில்லும் சப்பளிந்து கிடந்தது. ரியூப் ஒட்டுகிற கடையைத் தேடி, ஒட்டி, பூட்டி, ஒழுங்கைக்குள் திரும்பும்போது நன்றாக இருண்டுவிட்டது. மழை விட்டிருந்தது. என்னுடைய லைற் வெளிச்சத்தில் நாகேஸ்வரி தெரிந்தாள். படலைக்கு வெளியே வந்து, காலியாகக் கிடந்த என் வளவைப் பார்த்துக் கையை நீட்டி அமத்தி, திரும்பவும் அமத்தி நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் கனகரத்தினம், குடையை அவளுக்குப் பிடித்துத் தான் நனைந்துகொண்டு.

வானைக் கண்டதும் அவன் குடையை எறிந்துவிட்டு நடு ஒழுங்கையில் பாய்ந்து மறித்தான். கையை ஓங்கிப் பொனற்றில் அடித்தான்.

“எங்கையடா திரிஞ்சுபோட்டு வாறாய்? பொழுதுபட்டது உனக்குத் தெரியேல்லையே? வீட்டிலை ஒரு மனிசி வாசலைப் பாத்துக்கொண்டு நிக்குது எண்ட நினைப்பு வேண்டாமே?”

 நீ யாரடா என்னைக் கேட்க என்று என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அவனுடைய முகத்தைப் பார்த்தேன். எஞ்சினை நிறுத்தினேன். அப்போதுதான் மச்சாள் அமத்தினாள். கீக் என்றது. நாலு கதவும் என்னை உள்ளே வைத்துப் பூட்டின. அவள் திறப்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, என்னை ஒருதரம் நன்றாகப் பார்த்துவிட்டு, உள்ளே போனாள்.

நான் கண்ணாடியை இறக்கினேன்.

“சில்லுக் காத்துப் போட்டுது.”

“காத்துப் போனா? ஒரு போன் எடுத்துச் சொல்ல ஏலாதே? கையிலை போன் இல்லையே உனக்கு?”

“உங்கடை நம்பர் என்னட்டை இல்லை, அண்ணை.”

“அப்ப எழுதடா!” என்றார் அண்ணை. கண்ணிலிருந்து வடிந்ததைத் துடைக்காமல், ஏசுகிற அதே குரலில், பொனற்றில் கையால் அடித்து அடித்து, தன்னுடைய நம்பரை ஒவ்வொரு இலக்கமாக எனக்குக் கத்திச் சொன்னார்.